நகர்ந்தால் நல்ல கட்டி

சர்ச்சுக்குப் போகும்போதுகூடக் கைப்பையில் பாதி பிளேடு வைத்திருந்த பெண்பிள்ளை எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். காகிதத்தில் மடித்து, பொடி டப்பாவுக்குள் போட்டு, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். அந்த டப்பா என்னுடையது. நான் மூக்குப்பொடியை விட்டபோது அவளுக்குக் கொடுத்தேன். பிளேடை எடுக்கும்போதெல்லாம் ஒரு தும்மல் போடுவாள். "டப்பாவும் உன்ன மாதிரியே ஆயா, காலியானாலும் காரம் போவல" என்பாள்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் சொன்னதில்லை. பிளேடம்மா என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். கச்சிராயபாளையத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவள் வீட்டில் தாளித்தால் என் வீட்டில் இருமல் வரும். புருஷனுக்கு மூங்கில்துறைப்பட்டில் மில் வேலை. கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் அந்த மனுஷன் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவார். பிள்ளை இல்லை.

அவள் வேலை செய்த இடத்தில் விதையோடு கலக்கிற கிருமிப் பொட்டலம் தயாராகும். அவரை, மொச்சை, உளுந்து, காராமணி எதையாவது பிடுங்கினால் வேரில் மிளகு மிளகாகக் கட்டி இருக்குமே, அதைக் கொண்டுவந்து, கழுவி, அறுத்து, உள்ளே இருக்கிற கிருமியை எடுத்து வளர்ப்பார்கள். அறுக்கிற வேலை அவளுடையது. வேலை கைக்கு வந்து, கையிலிருந்து புத்திக்கு ஏறிவிட்டது. எதையும் அறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். கொய்யாப்பழத்தை அறுப்பாள். அவித்த முட்டையை அறுப்பாள். என் பேத்தி சடங்குக்கு வந்தவள், பந்தியில் உட்கார்ந்து லட்டை நாலாக அறுத்தாள்.

"ஏம்மா, லட்டுக்குள்ள இன்னா தேடற? திராட்ச ஓடிடுமா?"

"அறுத்தாத்தான் ஆயா உள்ள இருக்கறது தெரியும்."

"எனக்கு வாயில போட்டாலே தெரியும்."

"வாயில போட்டப்புறம் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துக் கொல்லையில் உளுந்து நின்றால் போதும். இறங்கிப் போய்ச் சுற்று மண்ணோடு ஒரு செடியைத் தோண்டிவிடுவாள். கொல்லைக்காரன் கத்துவான். "ஒரே ஒரு செடிதாங்க" என்று சிரித்துக்கொண்டே, வேரைத் தேய்த்து ஒரு கட்டியை எடுத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பிளப்பாள். உள்ளே ரத்தம் மாதிரி சிவப்பாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "வேல நடக்குதுங்க. யூரியா போட்டு இதுங்கள சோம்பேறி ஆக்கிடாதீங்க" என்பாள். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையாக இருந்தால் வேலை முடிந்துபோச்சு, இனி அழுகல்தான். திட்ட வந்தவனே இன்னொரு செடியைப் பிடுங்கி நீட்டுவான்.

அந்தச் சிவப்பைப் பற்றி ஒருநாள் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் துணி அலசினாள், இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்தேன்.

"கிருமின்னா நோவுதான புள்ள? செடி எதுக்கு அத உள்ள வுடுது?"

"வேணும்னேதான் வுடுது ஆயா. வேர் முடி வளைஞ்சி, கையப் புடிச்சி உள்ள இட்டுக்கினு போவும். உள்ள தனியா ரூம் கட்டிக் குடுத்து சக்கரத்தண்ணி ஊத்தும். இதுங்க பதிலுக்குக் காத்துல இருக்கறதப் புடிச்சி உரமாக்கிக் குடுக்கும்."

"வூட்டோட மாப்ளன்னு சொல்லு."

"அதேதான். ஆனா இந்த மாப்ள கோச்சிக்கினு கெளம்ப முடியாது. உள்ள வந்தா உருவமே மாறிடும். புள்ள பெத்துக்காது. அங்கியே இருந்து உழச்சி, காய் முத்தனதும் அங்கியே அழுவிடும்."

"என் மாப்ளைக்கும் ரெண்டு தண்ணி ஊத்திப் பாரு. உருவம் மாறலன்னாலும் உழப்பானான்னு பாக்கலாம்."

சிரித்துச் சிரித்து அவள் பக்கெட் கவிழ்ந்த சத்தம் கேட்டது.

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே தடவைதான். எங்கள் அவரைக் கொல்லைக்கு அவள் ஒரு பொட்டலம் கொடுத்து, ஆறின கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தச் சொன்னாள். நான் அடுப்பிலிருந்து இறக்கின கஞ்சியை அப்படியே ஊற்றிவிட்டேன். கிருமிதானே, சூடாக இருந்தால் சுறுசுறுப்பாக ஏறும் என்று நினைத்தேன். செடி முளைத்துக் கொடி ஓடியபோது ஒன்றைப் பிடுங்கி வேரை என் மூக்குக்கு நேராக ஆட்டினாள். பல் இல்லாத வாய் மாதிரி வழவழவென்று இருந்தது.

"உயிரோட குடுத்தேன் ஆயா. வேக வெச்சிட்டியே."

அன்றைக்கு முழுக்க அந்தச் சுவரில் சத்தமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களுக்கு அவள் துக்கம் காத்தாள்.

வேலை செய்த இடத்தில் ஒரு பழைய பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைக் கழித்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பு என்பாள். அதைக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரம் வைத்திருந்தாள். அடியில் பொட்டு வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு கண்ணாடி. அதைத் திருப்பினால் ஜன்னல் வெயில் மேலே ஏறும். கேரட்டைக் கீறி நடுவில் வேர்க்கட்டியைச் சொருகி, பிளேடை நனைத்துக்கொண்டு சீவுவாள். சீவலெல்லாம் தட்டுத் தண்ணீரில் மிதக்கும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி மெல்லிசான ஒன்றைத் தேடி எடுத்து, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, "வா ஆயா, வந்து கண்ண வெய்" என்பாள்.

முதல் தடவை என் இமைமுடியைத்தான் பார்த்தேன். அதற்கே வாயைப் பிளந்தேன். அப்புறம் தெரிந்தது. சுற்றிலும் தோல், அதற்குள்ளே குட்டிக் குட்டி அறைகள், நடுவில் பெரிய பெரிய அறைகள். பெரிய அறையெல்லாம் ரேஷன் கடைக் கிடங்கு மாதிரி தரையிலிருந்து கூரை வரை அடைத்திருந்தது.

"அதெல்லாம் கிருமி. சும்மா வுட்டு வெக்கல ஆயா, ஒவ்வொண்ணையும் மெல்லிசா ஒரு பையில போட்டு வெச்சிருக்குது. அந்தப் பை இந்தக் கண்ணாடில தெரியாது. நடுவுல நடுவுல சின்னதா ஒண்ணும் இல்லாத ரூம் தெரியுதா?"

"தெரியுது. அதுக்கு வாடகைக்கு ஆள் வரலயா?"

"வரக்கூடாது. அதுல கிருமி ஏறாது. அது காலியா இருக்கறதாலதான் பக்கத்து ரூமுங்களுக்கு சோறு தண்ணி போவுது, செஞ்ச உரம் வெளிய வருது. ரொம்பினதுக்குப் பக்கத்துல காலி, காலிக்குப் பக்கத்துல ரொம்பினது. எத்தினியோ அறுத்துட்டேன், செடி இத மறந்ததே இல்ல."

பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கிற மாதிரி எனக்கு அடிக்கடி அந்தக் காலி அறையைக் காட்டுவாள். நானும் சலிக்காமல் பார்ப்பேன். என் வீட்டில் ஒரு காலி அறை இருந்து நான் பார்த்ததில்லை.

மலைக்கு ஒருதரம் அவளோடு போனேன். வெள்ளிமலைப் பக்கத்து மொச்சை வேரில் கிருமி நல்ல முரடு என்று எடுக்கப் போனாள். நான் பயறு கொஞ்சம் மலிவாக வாங்கலாம் என்று போனேன். மலைப் பஸ் ஒவ்வொரு வளைவிலும் என்னை அவள் மடியில் போட்டது. ஒரு கொல்லையில் சாமைக்கு நடுவில் வரிசையாக மொச்சை. பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகளை ஒரு ஆள் பிடுங்கி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஏங்க புடுங்கறீங்க?" என்று இவள் ஓடினாள்.

"வேர் பூரா கட்டிம்மா. எங்க தக்காளிக்கும் இப்படித்தான் வேர்ல கட்டி வந்துச்சி, நோவுன்னாங்க. இதுக்கும் வந்துருச்சி. மிச்சத்துக்குப் பரவறதுக்குள்ள எடுத்துடலாம்னு."

பிளேடம்மா பக்கத்திலிருந்த தக்காளியில் ஒரு செடியைப் பிடுங்கினாள். மொச்சைச் செடி ஒரு கையில், தக்காளி ஒரு கையில். மொச்சை வேரை விரலால் தேய்த்தாள். கட்டி நகர்ந்து, பொலபொலவென்று உதிர்ந்தது. தக்காளி வேரைத் தேய்த்தாள். வரவில்லை. வேரே வீங்கி முடிச்சாகியிருந்தது.

"பாத்தீங்களா? இது ஒட்டிக்கினே இருக்குது, இது நோவு. இது நகருது, இது நல்ல கட்டி." பிளேடை எடுத்தாள், தும்மினாள், மொச்சைக் கட்டியைப் பிளந்து காட்டினாள். மருதாணி விரல் மாதிரி சிவப்பு.

அந்த ஆள் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள். "பூத்து நின்ன செடிய எல்லாம் புடுங்கிப் போட்டியேய்யா, பாவி!"

"வுடும்மா" என்றேன். "உன் கழுத்துல இருக்கற மருவ அவன் பாக்காம இருந்தானே. இல்லன்னா உன்னையும் புடுங்கி வரப்புல போட்டிருப்பான்."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அப்புறம் இவளிடம் கேட்டாள். "கட்டின்னாலே நோவுன்னுதானேங்க நெனச்சிக்கினு இருந்தோம்?"

"எந்தக் கட்டியா இருந்தாலும் தேச்சிப் பாரு. நகர்ந்தா நல்லது. பயப்படாத" என்றாள்.

பேச்சுவாக்கில் சொன்னதுதான். பயறு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள். பூக்கிற பருவத்தில் ஒரு கொத்து வேரை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டாள். பயறு விற்க மலையிறங்கும்போது அவளும் கொண்டுவந்து கொடுப்பாள்.

அடுத்த அவரை பூ எடுத்தபோது, ஒரு மத்தியானம் பிளேடம்மா என் அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்துத் தன் ரவிக்கைக்குள், இடது மார்புக்கு அடியில் வைத்தாள். விரலுக்கு அடியில் ஒரு வேர்க்கடலை.

"தள்ளிப் பாரு ஆயா."

தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது.

"நகருதா?"

"நகருது."

"வேர்ல ஒட்டல. நல்ல கட்டி." ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, என் மோர்ச் சட்டியிலிருந்து ஒரு தம்ளர் எடுத்துக் குடித்தாள்.

"எதுக்கும் ஆஸ்பத்திரில காட்டிடேன்."

"காட்டினா அறுத்துப் பாக்கணும்பாங்க."

"இந்தத் தெருவுல நீ அறுக்காதது என் மூக்கு ஒண்ணுதான். உனக்கு இன்னா பயம்?"

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நான் அறுத்த கட்டி ஒண்ணுகூட திரும்பப் போயி வேர்ல ஒட்டினது இல்ல ஆயா. பாத்துட்டா அவ்ளோதான். பாக்காத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்."

புருஷனிடம் சொல்லட்டுமா என்றேன். சொன்னால் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாள். மிதிக்க மாட்டாள், எனக்குத் தெரியும். அதனால் வேறு வழி பார்த்தேன். முட்டிவலி என்று முனக ஆரம்பித்தேன். நடக்கும்போது முனகினேன், உட்காரும்போது முனகினேன், அவள் வீட்டுச் சுவரோரம் வந்து விசேஷமாக முனகினேன். தாங்க முடியாமல் ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானே போய்ச் சீட்டு போட்டேன். பொம்பளை டாக்டரின் அறைக்கு வெளியே நர்ஸ் கூப்பிட்டது அவள் பெயரை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு முட்டிவலின்னுதான ஆயா இட்டுக்கினு வந்தேன்?"

"போயிட்டு வந்துடு புள்ள. போனா என் முட்டிவலி நின்னுடும்."

எழுந்தாள். அறைக்குள் போகிற மாதிரி இரண்டடி வைத்தாள். அப்படியே வெளியே நடந்துவிட்டாள். நான் நொண்டுவதை மறந்து பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்து, "நல்லா ஓடற ஆயா" என்றாள். வழியெல்லாம் வெளியே ஓடின கரும்புக் கொல்லையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குளிக்கும்போது ஒவ்வொரு நாளும் தள்ளிப் பார்த்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் நடுவில் கொஞ்சம் நிற்கும். அப்புறம் மறுபடி விழும். அந்த இடைவெளியில் நானும் கீரையைக் கீழே வைத்துவிடுவேன். தண்ணீர் விழுந்தால் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் தண்ணீர் மறுபடி விழவில்லை. தலையில் சோப்பு நுரையோடு, சுற்றிய புடவையோடு வந்து நின்றாள்.

"நகரல ஆயா."

அன்றைக்குத்தான் அவள் புருஷன் மில்லுக்காரருக்குத் தெரிந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். அவரை பூ எடுத்தப்போ என்றாள். "அவரை ரெண்டாவது தடவ காய்ச்சாச்சேம்மா" என்றார்.

பாண்டிச்சேரியில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். வேறு டாக்டரிடம் காட்டுவதற்குக் கேட்டால் அந்தச் சதையைச் சீவி வைத்த கண்ணாடிச் சில்லைக் கையில் கொடுப்பார்களாம். கேட்டு வாங்கிவிட்டாள். வேறு டாக்டரிடம் போகவில்லை. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தாள். சின்னக் கண்ணாடியைத் திருப்பி வெயிலை ஏற்றினாள். கண்ணை வைத்தாள்.

ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. சில்லைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துவாள், கொஞ்சம் அந்தப் பக்கம்.

"சீவல் இன்னா மெல்லிசு பாரு. என்னால இவ்ளோ மெல்லிசா முடியாது. சாயமும் நல்லா போட்டிருக்காங்க" என்றாள்.

பிறகு நான் பார்த்தேன். ஊதாவும் ரோஸுமாக இருந்தது. தோல் தெரியவில்லை. வரிசை தெரியவில்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, திருவிழா முடிந்து கடைசி பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி. நான் அங்கே தேடியது எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான்.

"காலி ரூம் எங்க புள்ள?"

"அதத்தான் ஆயா நானும் தேடிக்கினு இருந்தேன்."

வெயில் நகர்ந்து கண்ணாடியை விட்டுப் போய்விட்டது. உள்ளே இருட்டு. அவள் அதைத் திருப்பி வைக்கவில்லை.

"ஏதாவது சொல்லு ஆயா. எப்பவும் ஏதாவது சொல்லுவியே."

தலையை எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று, இருட்டான குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போனது. மொட்டைத் தலைக்கு நான் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு போனேன். காதில் சொருகிக்கொண்டாள். நோவு முதுகெலும்புக்கு இறங்கியபோது அவள் கத்தின சத்தத்தை இந்தச் சுவர் எனக்கு ஒன்று விடாமல் கொடுத்தது. அடுத்த அவரை பூக்கும்முன் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்துக்கு அவளைத் தூக்கிப்போன வழியில் இரண்டு பக்கமும் உளுந்து நின்றது. யாரும் இறங்கிப் பிடுங்கவில்லை.

மில்லுக்காரர் பொடி டப்பாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிளேடு துருப்பிடித்திருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

மொச்சை பூக்கிற பருவத்தில் மலையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பிளேடம்மா வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தாள். தலையில் பயறு மூட்டை, கையில் ஈரத்துணிச் சுருட்டு.

"பிளேடம்மா இல்லீங்களா ஆயா? வேர் கொண்டாந்திருக்கேன்."

"செத்துப்போச்சும்மா. மார்ல கட்டி."

மூட்டையை இறக்கினாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அவள் கை மாராப்புக்கு அடியில் போனது.

"எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க ஆயா. ஆனா பயமில்ல. அவங்க சொன்னாப்லயே தேச்சிப் பாத்தேன். நகருது."

"அவளுக்கும் நகர்ந்துச்சி" என்றேன்.

என் கையைப் பிடித்து இழுத்தாள், தொட்டுப் பார் என்று. நான் கையை உருவிக்கொண்டேன். பயறு மூட்டையை இழுத்து உள்ளே போட்டேன். ஈரத்துணியையும் வாங்கி அதன் மேல் வைத்தேன்.

"செருப்பப் போடு. கள்ளக்குறிச்சி வண்டி வர நேரம்."

"பயறு விக்கணுங்க."

"நான் வித்துத் தரேன். ஒரு படி எனக்கு எடுத்துக்கறேன். நட."

நடந்தோம். பாதி வழியில் கேட்டாள். "முட்டி நல்லா இருக்குதா ஆயா? நொண்டிக்கினு இருந்தீங்கன்னு அவங்க சொன்னாங்க."

"அது வேற ஒருத்திக்காக நொண்டனது."

பஸ் வந்து நின்றது. அவள் படியைப் பிடித்தாள், ஏறவில்லை. நடத்துநர் விசில் ஊதினார்.

"அறுப்பாங்களா?"

"அறுத்துத்தான் பாப்பாங்க."

"பயமா இருக்குதுங்க ஆயா."

பின்னாலிருந்து அவள் இடுப்பில் கையைக் கொடுத்துத் தள்ளினேன்.

"பயந்துக்கினே ஏறு."